குப்பை வண்டிப் பாட்டும் ஆறாவது நாற்காலியும்

பாட்டு ஒன்று காதில் விழுந்ததும் கண் கலங்குகிறவர்களை நான் அறிவேன். கல்லூரித் தோழி ஒருத்தி, ஒரு குறிப்பிட்ட பாட்டின் புல்லாங்குழல் எழுந்தாலே பேருந்தின் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மந்தைவெளி நிறுத்தம் வந்ததும் நான்தான் அவளை உலுக்கி இறக்க வேண்டும். எனக்கும் அப்படி ஒரு பாட்டு உண்டு. அதில் புல்லாங்குழல் கிடையாது. அதைக் கேட்டால் எனக்குக் கண் கலங்குவதுமில்லை. வலக்கை தானாக நீண்டு அடுக்களை மூலையில் பச்சை வாளியைத் தேடுகிறது. அதே நொடியில் வாய், "அறிவார்ந்த நடுவர் அவர்களே" என்று தொடங்கிவிடுகிறது.

அது எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த குப்பை வண்டியின் பாட்டு.

மேடைப் பேச்சை முறையாகப் பயின்றவள் நான். எட்டு வயதில் மைக் எட்டாமல் முக்காலியின் மீது ஏறி நின்று பேசிய நாள் தொடங்கிக் கல்லூரி இறுதியாண்டு வரையில் நான் வென்ற கோப்பைகள், எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் தலையை முழுதாக மறைத்து நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதில் அம்மா துணி உலர்த்தும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். அது வேறு வழக்கு. எந்த வாக்கியத்தில் கை உயர வேண்டும், எந்தச் சொல்லில் குரல் இறங்க வேண்டும், எச்சரிக்கை மணி அடித்த பின் எதைக் கைவிட்டு எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். ஆகவே, என் வாழ்வின் முக்கியமான ஆறு நிமிடங்களை ஒரு குப்பை வண்டி ஆண்டது என்பதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஊர் ஊராகச் சென்று பட்டிமன்றம் நடத்தும் பெயர்பெற்ற குழு ஒன்றில் ஓர் இடம் காலியானது. நடுவர் ஒருவர், அணிக்கு மூவராகப் பேச்சாளர் அறுவர் என்பது அந்தக் குழுவின் அமைப்பு. ஆறாவது நாற்காலியில் அமர்ந்திருந்த பேச்சாளர் திருமணமாகிக் கடல் கடந்து போய்விட்டார். அந்த இடத்துக்குத் தக்கவரைத் தேர்ந்தெடுக்க நடுவர் ஐயாவே ஒரு போட்டி அறிவித்தார். முதல் சுற்று மயிலாப்பூரில். அதில் தேறும் இருவருக்கு இறுதிச் சுற்று தி. நகரில். இரண்டுக்கும் தலைப்பு ஒன்றுதான்: "நெஞ்சில் நிலைப்பது சொல்லா, பாட்டா?" ஆளுக்கு ஆறு நிமிடம். சீட்டு எடுத்ததில் எனக்கு விழுந்தது, "சொல்லே!"

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இதை இதைவிட அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தரமணியில் ஒரு கணினி நிறுவனம் வேலைக்கான கடிதம் அனுப்பியிருந்தது. நாற்காலி கிடைத்தால் அந்தக் கடிதம் அலமாரிக்குள் போகும். கிடைக்காவிட்டால் நான் அலுவலகப் பேருந்தில் போவேன். எனக்கும் அம்மாவுக்கும் இடையிலான ஒப்பந்தம் இது. வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் பேச்சுவார்த்தை சுலபமாக முடிந்தது.

அம்மா பாட்டு டீச்சர். காலை ஆறரை மணிக்கெல்லாம் ஏழெட்டுச் சிறுமிகள் எங்கள் கூடத்தில் சரளி வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வீட்டில் நான் பேசிப் பழக ஓரிடம்தான் மிச்சம்: மொட்டை மாடி. நான் அங்கே தொண்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கும் ஏழு பத்துக்குக் குப்பை வண்டி தெருமுனையில் திரும்பும்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண்குரல், குப்பையைப் பிரித்துத் தரும்படி ஒரு வரி பாடும். பிறகு வெறும் மேளம் மட்டும் சற்று நேரம் ஒலிக்கும். அடுத்த வரி. மறுபடியும் மேளம். நான்கு வரிக்கு ஒருமுறை குழந்தைகள் சேர்ந்து, பிரித்துத் தருகிறோம் என்று பதில் சொல்வார்கள். பாட்டு முழுதும் மூன்று நிமிடம். எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டாரும் படியிறங்கி வந்து சேர்வதற்குள் அது இரண்டு முறை ஓடிவிடும். ஆக, சரியாக ஆறு நிமிடம்.

முதல் சில நாட்கள் நான் அந்தப் பாட்டோடு போரிட்டேன். குரலை உயர்த்தினேன்; ஒலிபெருக்கி வென்றது. பிறகு ஒரு நாள் ஓர் உத்தி தோன்றியது. பெண்குரல் பாடும்போது நான் வாய்மூடி நின்றேன். மேளம் மட்டும் ஒலிக்கையில் என் வாக்கியத்தை அதன் மேல் வீசினேன். என் உரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த இடைவெளிக்கு ஏற்ப வெட்டிச் செதுக்கினேன். ஒரு வாரத்தில் உரை முழுவதும் பாட்டின் சந்துகளுக்குள் அச்சாகப் பொருந்திவிட்டது. எதிரியின் கோட்டைக்குள்ளேயே குடியேறிவிட்ட பெருமிதம் எனக்கு.

வண்டியை ஓட்டிவரும் அக்காவுக்கு என் மேல் கொஞ்ச நாளாகவே ஒரு கண் இருந்தது. ஒரு நாள் வாளியோடு நான் இறங்கியபோது கேட்டுவிட்டார்.

"இன்னா பாப்பா, தெனம் காலைல மாடில நின்னுகினு யாரத் திட்டிக்கினு கீற?"

"திட்டலக்கா. பேச்சுப் போட்டிக்குத் தயார் பண்றேன். பாட்டு மனசுல நிக்காது, பேச்சுதான் நிக்கும்னு."

"என் பாட்டையா சொல்ற?"

"உங்க பாட்டை இல்லக்கா. பொதுவா."

"பொதுவா இன்னா பொதுவா? இந்தத் தெருவுல என் பாட்ட வுட்டா வேற எது கீது?" என்றவர் என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "தெனம் பாட்டுல சொல்லிகினே கீது. வெங்காயத் தோலோட பேப்பர போட்டுகினு வந்து நிக்கிற. நீ பேசுறது யார் மனசுல நிக்கப் போவுது? பேப்பர எடு."

எடுத்தேன்.

முதல் சுற்றில் நான் மேடை ஏறியபோது, மயிலாப்பூர் சபா அரங்கில் மின்விசிறி ஓசை தவிர வேறு ஒலியில்லை. "அறிவார்ந்த நடுவர் அவர்களே!" என்றேன். அத்துடன் என் வாய் மூடிக்கொண்டது. பெண்குரல் பாட வேண்டிய இடம் அது. அரங்கில் அந்தப் பாட்டு இல்லை. என் தலைக்குள் இருந்தது. அது தன் வரியைப் பாடி முடித்து மேளத்தைத் தொடங்கிய பிறகே அடுத்த வாக்கியம் வெளியே வந்தது. வந்தது முழங்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் மூடிக்கொண்டது. அவையினர் முதலில் திகைத்தார்கள். பிறகு முன்னே சாய்ந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் நான் நின்ற நிலையை அவர்கள் சிந்தனை என்று எடுத்துக்கொண்டார்கள். உரை முடிந்ததும் நடுவர் ஐயா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நாப்பது வருசமா பேச்சு கேக்கேன். எல்லாரும் பேசுதாங்க. இந்தப் பொண்ணு நிறுத்துது பாருங்க! அந்த நிறுத்தத்துல இருக்கு விசயம்!"

இறுதிச் சுற்றுக்குத் தேறிய இருவரில் நான் ஒருத்தி. மாட வீதி வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது என் கால்கள் தரையில் இல்லை. அம்மாவும் கூட நடந்து வந்தாள். குளக்கரை தாண்டியதும் கேட்டாள்.

"எங்கேர்ந்துடி கத்துண்டே அந்த நிறுத்தத்தை?"

"சொல்லோட அருமை மௌனத்துலதாம்மா தெரியும்."

"மௌனமும் இல்லை, ஒண்ணும் இல்லை. கால் கட்டை விரலால தாளம் போட்டுண்டு நின்னே. முதல் வரிசையில உக்காந்துண்டு நான் பாத்துண்டுதானே இருந்தேன்? அது அந்தக் குப்பை வண்டிப் பாட்டு."

"இல்லவே இல்லை."

"அவ ஒரு வரி முடிக்கறா, நீ வாயைத் தொறக்கறே. குழந்தைகள் கோரஸ் வர்ற எடத்துல தண்ணி குடிச்சே பாரு, எனக்குச் சிரிப்பு வந்துடுத்து."

"தீர்ப்பு சொல்ல நீ என்ன நடுவரா?"

"நடுவர் இல்லைடி. ஸ்ருதி கேக்கறவ. அந்தப் பாட்டுல காந்தார ஸ்வரம் கீழே தொங்கிண்டு நிக்கறது. தெனம் காத்தால எனக்குக் காதுல ஊசி குத்தறாப்ல இருக்கு. எங்கிட்ட கத்துக்கற குழந்தைகள் மூணு பேர் இப்போ அதே மாதிரி காந்தாரத்தைத் தொங்க விடறதுகள். இதுல நீ வேற அதைத் தலைக்குள்ள வெச்சுண்டு, பாட்டு மனசுல நிக்காதுன்னு பேசறே!"

நான் ஏற்கவில்லை. ஆனால் ஏற்காமலிருப்பது நாளுக்கு நாள் கடினமாயிற்று. காய்கறிக் கடையில் "அரைக் கிலோ" என்று சொல்லி நின்றேன். நான் "கத்தரிக்காய்" என்று முடிப்பதற்குள் கடைக்காரர் தக்காளியை நிறுத்துப் பையில் போட்டுவிட்டார். தொலைபேசியில் பேசிய தோழிகள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்கள். எங்கள் தெரு ஆட்டோக்காரர் மட்டும் என்னைப் பெருமையாக நினைத்தார். யோசித்துப் பேசுகிற பெண் என்றாராம்.

இறுதிச் சுற்றுக்கு எட்டு நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு வண்டி தெருமுனையில் திரும்பியது. வேறு பாட்டு.

ஆண்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, மூச்சு விடாமல், மேளத்துக்கே இடம் கொடாமல் பாடித் தள்ளினார்கள். மாடியில் நான் வாய் திறந்தபடி நின்றேன். இடைவெளி வரும், வரும் என்று காத்திருந்தேன். ஆறு நிமிடமும் போயிற்று. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன்.

"அக்கா! பழைய பாட்டு என்னாச்சு?"

"பென்டிரைவ மாத்திட்டாங்க பாப்பா. எல்லா வண்டிக்கும் புதுசு குடுத்துட்டாங்க. சூப்பரா கீதுல்ல?"

"பழைய பென்டிரைவ் எங்க?"

"திருப்பி வாங்கிகினாங்க. ஏன், அந்தப் பாட்டு ஒனக்கு அவ்ளோ புடிக்குமா?" அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பாட்டு மனசுல நிக்காதுன்னு சொன்னியே. அப்பால இன்னாத்துக்குத் தேடுற?"

வேறு எந்த வண்டியிலாவது பழையது ஓடுகிறதா என்று கேட்டேன். அக்காவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"அடையாறுல ஒரே ஒரு வண்டி பழசத்தான் போட்டுகினு சுத்துது. ஸ்பீக்கர் பொட்டி துருப் புடிச்சிகினு தொறக்க வரல. அதால மாத்த முடியல. போய்க் கேட்டுக்க."

மறுநாள் முதல் அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அடையாற்றுக்குப் போனேன். தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த தெருக்களில் அந்த வண்டி மெல்ல ஊர்ந்து செல்ல, அதன் பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நான் முழங்கிச் சென்றேன். "பாடல்கள் வந்து போகும்! சொற்களே நின்று வாழும்!" தெருவில் என் உரைக்குக் கிடைத்த முதல் எதிர்வினை ஒரு பை மாங்கொட்டை. வாயிற்கதவைத் திறந்து வந்த அம்மையார் அதை என் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஏம்மா, விழிப்புணர்வு பண்ண வந்திருக்கியா?"

"இல்ல மேடம். இது பட்டிமன்றத்துக்கு."

"இருக்கட்டும். தேங்கா மட்டைய எதுல போடணும்? ஈரமா, காய்ஞ்சதா? யாரைக் கேட்டாலும் ஒண்ணொண்ணு சொல்றாங்க."

மேடையில் எழுப்பப்படும் வினாவுக்கு விடை சொல்லாமல் கடப்பது எங்கள் பயிற்சியில் இல்லை. சொன்னேன். அடுத்த வீட்டிலிருந்து ஒருவர், பால் கவரைக் கழுவ வேண்டுமா என்றார். அதற்கும் சொன்னேன். மூன்றாம் நாள் சிலர் கேள்விகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நான்காம் நாள் ஒரு குடியிருப்பின் செயலாளர் தங்கள் ஆண்டுவிழாவில் சிறப்புரை ஆற்ற அழைத்தார். தலைப்பு, உடைந்த கண்ணாடி. வண்டியின் ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தாயீ, நீ வந்ததுலேர்ந்து ஒவ்வொரு வூட்லயும் அரை மணி நேரம் ஆவுது. பேசுறத கொஞ்சம் கொறச்சிக்க. இல்லாங்காட்டி நீயே வண்டிய ஓட்டிக்கினு போ."

கைபேசியில் பதிவு செய்துகொண்டால் போதாதா என்று கேட்கலாம். செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பெண்குரலின் வரிகள் தெளிவாக இருந்தன. மேளம் ஒலிக்கிற இடைவெளிகளில் எல்லாம் அடையாறு இருந்தது. நான் பேச வேண்டிய இடத்தில் ஒருவர் தேங்காய் மட்டையைப் பற்றிப் பேசினார். நான்கு முறை கேட்டதும் அந்தத் தேங்காய் மட்டை என் உரைக்குள் நுழைந்துவிட்டது. பதிவை அழித்துவிட்டேன்.

இறுதிச் சுற்றுக்கு முந்தின நாள், அடையாற்றில் அந்த வண்டிக்காக நின்றிருந்தேன். யாரோ எண்ணெய் விட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள் போலும். திருப்பத்தில் புதுப் பாட்டின் ஆண்கள் நால்வர் ஐவராகப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தி. நகர் அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் நடுவர் ஐயாவும், குழுவின் ஐந்து பேச்சாளர்களும், காலியாக ஒரு நாற்காலியும். அது நடுவரின் இடப்புறம், பாட்டு அணியின் கடைசியில் கிடந்தது. அதன் முதுகில் சிவப்புத் துண்டு போர்த்தியிருந்தார்கள்.

பாட்டுக்காக வாதாட வந்த என் போட்டியாளர், தி. நகரிலேயே ஜவுளிக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்து இளைஞர். தெளிவாகப் பேசினார். தாலாட்டிலிருந்து ஒப்பாரி வரையில் பாட்டுக்கான காரணங்களை மடிப்புக் கலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முடித்ததும் நடுவர் ஐயா கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. பாட்டு பாட்டுன்னு இவ்வளவு பேசுதீரே, ஒரு வரி பாடியிருக்கலாமேய்யா?"

"பாட வராதுங்கய்யா. கடையிலயும் பாட விடமாட்டாங்க."

அரங்கு சிரித்தது. "அடுத்து வாரது சொல் கட்சி," என்றார் ஐயா. "இந்தப் பொண்ணு பேசும்போது பேச்சைக் கேக்காதீங்க. நிறுத்தும் பாருங்க, அதைக் கேளுங்க."

மைக்கின் முன் நின்றேன். "அறிவார்ந்த நடுவர் அவர்களே!" என்றேன். வாய் மூடிக்கொண்டது. தலைக்குள் பெண்குரல் வர வேண்டும். ஆண்கள் வந்தார்கள். நால்வர் ஐவராக, மூச்சு விடாமல். நான் இடைவெளிக்குக் காத்திருந்தேன். அவையும் காத்திருந்தது. முதல் அரை நிமிடம் அவர்கள் முகத்தில் பக்தி இருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் பின்வரிசையில் யாரோ, "என்ன ஒரு அழுத்தம் பாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. இன்னொருவர் கைதட்டினார். கைதட்டல் பரவியது. நான் ஒன்றுமே பேசாததற்கு அரங்கு முழுவதும் கரவொலி எழுப்பியது. நடுவர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார்.  நாவின் நுனிக்கு வந்துவிட்ட ஒரே தொடர், "தேங்காய் மட்டை ஈரக் குப்பையா?" என்பது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டேன். காலி நாற்காலி கடைக்கண்ணில் தெரிந்தது. அது ஒவ்வொரு நொடிக்கும் தரமணி நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் அம்மா பாடத் தொடங்கினாள்.

குப்பை வண்டியின் பழைய பாட்டு. தொடையில் தாளம் தட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, முழுக் குரலில். காதில் ஊசியாகக் குத்துகிறது என்று அவள் நாள்தோறும் நொந்துகொண்ட அந்தப் பாட்டை, தொங்கிக்கொண்டிருந்த காந்தாரத்தை அதற்குரிய உயரத்தில் தூக்கி நிறுத்தி, ஒரு சிறு கமகத்தையும் சேர்த்துப் பாடினாள். முதல் வரி முடிந்தது. மேளம் இல்லை, தொடையில் விழுந்த தாளம் இருந்தது. என் வாய் திறந்தது.

"பாடல்கள் வந்து போகும்! சொற்களே நின்று வாழும்!"

அம்மா அடுத்த வரியைப் பாடினாள். நான் அடுத்த வாக்கியத்தை முழங்கினேன். நான்காம் வரி முடிந்து குழந்தைகளின் கோரஸ் வர வேண்டிய இடத்தில், யாரும் கேளாமலே, அரங்கு பதில் பாடியது. தினமும் காலையில் அந்தப் பாட்டைக் கேட்டு வாளியோடு படியிறங்கியவர்கள் அல்லவா அத்தனை பேரும்! சிலர் பாதி எழுந்து நின்றார்கள். முன்வரிசை அம்மையார் ஒருவரின் கை நாற்காலிக்கு அடியில் எதையோ துழாவியது. நடுவர் ஐயா தம் முன்னிருந்த காலித் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் இருபுறமும் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அவர்கள் நடுவே நின்று நான், ஒருவர் நெஞ்சிலும் பாட்டு நிலைப்பதில்லை என்று ஒவ்வொரு இடைவெளியிலும் அறைகூவிக்கொண்டிருந்தேன்.

பாதியில் நிறுத்தியிருக்கலாம். பயிற்சி பெற்ற நாக்கு நிறுத்தவில்லை. எச்சரிக்கை மணி அடித்தது. எதைக் கைவிடுவது என்று அறிந்து கைவிட்டேன். கடைசி வாக்கியமும் கடைசி மணியும் ஒன்றாக விழுந்தன. இதுநாள் வரையில் நான் ஆற்றிய உரைகளில் அதுவே சிறந்தது. அதில் ஓர் எழுத்தையும் யாரும் கேட்கவில்லை.

நடுவர் ஐயா சிரித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

"தீர்ப்பு சொல்ல நான் எதுக்கு?" என்றார் கண்ணைத் துடைத்தபடி. "நெஞ்சில் நிலைப்பது பாட்டுதான். சாட்சி, சொல்லுக்காக வந்த இந்தப் பொண்ணு! இப்ப நாற்காலி விசயம். எங்கிட்ட பேசுதவங்க அஞ்சு பேரு இருக்காங்க. அஞ்சு பேருக்கும் பாட வராது. பாட்டு அணியில பாட ஆளில்லாம இருபது வருசமா வண்டி ஓட்டுதேன்." மைக்கிலிருந்து முகத்தை எடுத்து அரங்கைப் பார்த்தார். "ஏம்மா, மூணாவது வரிசை, நீலப் புடவை! மேல வாங்க!"

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே நீலப் புடவை யாருமில்லை.

"நானா? ஐயோ, நான் உளுந்து ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன்."

"ஊறட்டும்மா. நல்லா ஊறட்டும்."

"எனக்குப் பேச வராது, சார்."

"அதனாலதான் கூப்பிடுதேன்."

அம்மா எழுந்து நின்றாள். மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எத்தனை சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவள் மேடையில் பாடி நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை. நான் பேசுகிறவள், கேட்பது என் துறை அன்று.

"என்னடி சொல்றே?" என்றாள் அங்கிருந்தே, வீட்டில் கேட்பதுபோல.

நான் வாய் திறக்கவில்லை. என் தலைக்குள் எந்தப் பாட்டும் ஓடவில்லை. பெண்குரல் இல்லை, ஆண்குரல் இல்லை, மேளம் இல்லை. சிவப்புத் துண்டு போர்த்திய நாற்காலி எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. அவையினர் இம்முறை கைதட்டவில்லை.

"போம்மா," என்றேன். "உளுந்தை நான் பாத்துக்கறேன்."

அந்த உளுந்தை நான் பார்த்துக்கொண்ட விதம் பற்றி எழுதுவதற்கில்லை. அடுத்த வாரம் அலுவலகப் பேருந்தில் ஏறித் தரமணிக்குப் போனேன், இன்றும் போகிறேன். ஆறாவது நாற்காலியில் அம்மா அமர்கிறாள். அவளுக்கான உரைகளை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். கை உயர வேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்டுத் தருகிறேன். அவள் என் முதல் வாக்கியத்தைச் சொல்கிறாள், "என் பொண்ணு நன்னாத்தான் எழுதியிருக்கா" என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறாள், பாடுகிறாள். ஊர் ஊராகக் கைதட்டுகிறார்கள். கோப்பைகளும் வருகின்றன. அவற்றில் நான் கிளிப்புகளைப் போட்டு வைக்கிறேன்.

அம்மா வெளியூர் போகும் நாட்களில் காலையில் வாளியோடு இறங்குவது என் பொறுப்பு. போன வாரமும் இறங்கினேன். புதுப் பாட்டு மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா எந்த ஊர்ல கீது?" என்றார் அக்கா.

"திண்டுக்கல்லுக்கா."

"டிவில பார்த்தேன் பாப்பா. நம்ம பாட்டதான் பாடிச்சு. சோக்கா பாடிச்சு. ஆனா நம்ம வண்டில வந்த மாரி இல்ல, எதையோ ஏத்திக்கினு பாடுது." ஒலிபெருக்கியின் பொத்தானை அணைத்துவிட்டு, "இத மாரிதான் வரும்," என்று சொல்லி, பழைய பாட்டின் முதல் வரியை, காந்தாரம் தொங்கத் தொங்க, அசலாகப் பாடிக் காட்டினார். வரி முடிந்தது. வண்டியின் தகரப் பக்கத்தில் விரலால் மேளம் தட்டினார்.

"அறிவார்ந்த நடுவர் அவர்களே!" என்றேன் நான்.

"நடுவரா?" அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "பேப்பர எடு."